மத்தீஸின் சிவப்பு மேசை: பழங்களைத் துணி வென்ற கதை

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1908இல் வரைந்த ‘சிவப்பில் ஒத்திசைவு’ படத்தைப் பார்ப்பவருக்கு முதலில் வரும் சந்தேகம் எளிமையானது. மேசை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது? இரண்டும் ஒரே சிவப்பு. இரண்டின் மேலும் ஒரே கருநீலக் கொடி, ஒரே பூக்கூடை. விரிப்பில் கிளம்பிய கொடி சுவரிலும் ஏறிப் படர்ந்துவிடுகிறது. மேசையின் ஓரம் இதுதான் என்று சொல்ல ஒரு மெல்லிய கோடு மட்டும் உண்டு. அதுவும் இல்லாவிட்டால் பழங்களும் குடுவைகளும் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதாகவே தோன்றும்.

ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் உயரம், 220 சென்டிமீட்டர் அகலம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வலப்பக்கம் கறுப்புச் சட்டை, வெள்ளை ஏப்ரன் அணிந்த ஒரு பெண் குனிந்து, காலுள்ள தட்டில் பழம் அடுக்குகிறாள். மேசையில் இரண்டு மதுக் குடுவைகள், ரொட்டிகள், அங்கங்கே சிதறிய மஞ்சள் பழங்கள். இடப்பக்கம் மேலே ஒரு சன்னல். அதற்கு வெளியே பச்சைப் புல்வெளி, வெள்ளையாகப் பூத்த மரங்கள், தூரத்தில் ஒரு வீடு. அது சன்னல்தானா, சுவரில் மாட்டிய இன்னொரு படமா என்றுகூடச் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மத்தீஸ் அதற்குப் பதில் சொல்ல அக்கறை காட்டவில்லை.

மனித உருவமும் தோட்டமும் இருக்கும் படத்தை நிலைப்பொருள் ஓவியம், அதாவது பழம், பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களை வரையும் ஸ்டில் லைஃப், என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பதே என் கட்சி. அதற்குக் காரணம் இந்தப் படத்தின் வம்சாவளி. இதன் இன்னொரு பெயர் ‘லா தெசேர்த்’. சாப்பாடு முடிந்ததும் பழமும் இனிப்பும் வைக்கும் மேசை. இதே பெயரில், இதே விஷயத்தை, மத்தீஸ் தன் வாழ்நாளில் திரும்பத் திரும்ப வரைந்தார். 1893இல் ஒருமுறை, 1897இல் ஒருமுறை, 1908இல் இது, 1915இல் மறுபடி. நான்கையும் வரிசையாக வைத்தால், ஐரோப்பிய ஓவியத்தில் நிறம் பொருளின் பிடியிலிருந்து எப்படிக் கழன்றது என்பது கண்ணெதிரே விரியும்.

முதல் மேசை அவருடையதே அல்ல. நெதர்லாந்து ஓவியர் யான் டேவிட்ஸ் த ஹேம் 1640இல் வரைந்தது. பாரீசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. பழம், வெள்ளிப் பாத்திரம், கண்ணாடிக் கோப்பை, கசங்கிய வெள்ளைத் துணி, ஒரு லூட் வாத்தியம் என்று செழிப்பு வழியும் மேசை. அக்காலத்து நெதர்லாந்தில் இத்தகைய படங்களுக்கு நல்ல சந்தை இருந்தது. பிரான்சில் மரியாதை வேறு மாதிரி. 1648இல் தொடங்கிய அரச ஓவியக் கழகம் ஓவிய வகைகளுக்கு மேல்கீழ் வகுத்து வைத்திருந்தது. கழகத்துக்காரரான ஆந்த்ரே ஃபெலிபியன் 1667இல் அதை எழுத்திலேயே வைத்தார். வரலாறும் புராணமும் உச்சியில், அடுத்து உருவப்படம், கீழே போகப்போக விலங்கு, நிலக்காட்சி, கடைசியில் உயிரற்ற பொருள்கள். பிரான்சின் ஷார்தான் எவ்வளவு பெரிய ஓவியர்! அவரையே 1728இல் கழகம் ‘விலங்குகளும் பழங்களும் வரைபவர்’ என்ற தகுதியில்தான் சேர்த்துக்கொண்டது.

ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனை யாரும் கவனிப்பதில்லை, அதனால் அவனுக்குச் சுதந்திரம் அதிகம். சிலுவையேற்றத்தை வரைந்தால் கதை சரியா, முகபாவம் சரியா என்று நூறு கேள்வி வரும். ஆப்பிளிடம் யாரும் கதை கேட்பதில்லை. சொன்னபடி உட்காரும், அசையாது, கூலி கேட்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு ஓவியர் செசான் ஓவியத்தின் அடித்தளத்தையே பெயர்த்துப் பார்த்தது பெரும்பாலும் ஆப்பிள்களையும் சரிந்த மேசைகளையும் வைத்துத்தான். அவருடைய மேசைகளில் துணியின் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் வெளிவரும்போது விளிம்பு நேராகச் சேராது. அந்தச் சேராமையை அவர் மறைக்கவும் இல்லை. நவீன ஓவியத்தின் முக்கியமான சோதனைகள் பல இப்படிச் சமையலறைச் சாமான்களின்மேல் நடந்ததற்கு இந்த அலட்சியப்பட்ட அந்தஸ்தும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மத்தீஸ் ஓவியத்துக்கு வந்ததே தாமதம். சட்டம் படித்து வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், இருபது வயதில் குடல் நோயால் படுத்தபோது தாய் வாங்கிக் கொடுத்த வண்ணப்பெட்டிதான் ஆரம்பம். 1890இல் வரைந்த முதல் படமே புத்தகங்களை வைத்த ஒரு ஸ்டில் லைஃப். அப்புறம் பாரீசில் ஓவியர் குஸ்தாவ் மொரோவின் மாணவர். மொரோ தன் பிள்ளைகளை லூவ்ருக்கு அனுப்பிப் பழைய ஓவியங்களைப் பிரதியெடுக்கச் சொல்வார். அப்படித்தான் 1893இல் த ஹேமின் மேசை மத்தீஸின் கைக்கு வந்தது. அது ஒழுங்கான மாணவப் பிரதி, மூலத்தைவிடச் சிறியது.

1897இல் தன் சொந்த மேசையை வைத்தார். வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் குடுவைகள், பழங்கள், குனிந்து பூ அடுக்கும் பணிப்பெண். பதினோரு வருடம் கழித்து வரப்போகும் படத்தின் எலும்புக்கூடு முழுக்க இதில் இருக்கிறது. வெளிச்சம் மட்டும், மாறும் ஒளியைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களுடையது. கண்ணாடியில் மினுக்கம், துணியின் வெள்ளையில் நீலமும் ஊதாவும் கலந்த நிழல். கண்காட்சியில் இதற்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. விஞ்ஞானி லூயி பாஸ்டரின் புண்ணியத்தில் கிருமி என்றாலே ஊர் நடுங்கிக்கொண்டிருந்த காலம். இந்தக் குடுவைகளின் அடியில் கிருமி இருக்கிறது என்று கேலி செய்தார்களாம். மொரோதான் மாணவனுக்காகப் பேசினார். குடுவைகள் மேசைமேல் உறுதியாக நிற்கின்றன, அவற்றின் மூடியில் நான் என் தொப்பியையே மாட்டலாம் என்றாராம்.

1908ஆம் வருடத்துக் குடுவையில் தொப்பி மாட்ட முடியாது. அதற்கு எடையே இல்லை. இடையில் என்ன நடந்தது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்: 1899இல் செசானின் ‘குளிக்கும் மூன்று பெண்கள்’ படத்தைக் கையில் காசில்லாத நிலையிலும் வாங்கி வைத்துக்கொண்டார், 1904இல் ஓவியர் சிஞாக்கோடு சேர்ந்து புள்ளி புள்ளியாக வரைந்து பார்த்தார், 1905 கோடையில் கொலியூர் என்ற கடற்கரை ஊரில் ஓவியர் தெரேனோடு சேர்ந்து வண்ணங்களை அவிழ்த்துவிட்டார், அந்த இலையுதிர்காலக் கண்காட்சியில் விமர்சகர் லூயி வோக்செல் இவர்களைக் காட்டு விலங்குகள் (பிரெஞ்சில் ‘ஃபோவ்’) என்றழைக்க, ஃபாவிசம் என்ற பாணி பிறந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் ஒரு முக்கியப் பாத்திரம் எப்போதும் விடுபடுகிறது. துணி.

மத்தீஸ் வளர்ந்த பொஹேன் வடக்குப் பிரான்சின் நெசவு ஊர். பாரீசின் உயர்தரக் கடைகளுக்குப் போகும் பட்டும் மெல்லிய கம்பளியும் அங்கே தறிகளில் நெய்யப்பட்டன. அவருடைய முன்னோரும் நெசவாளர்கள். இழைக்குப் பக்கத்தில் எந்த இழையை வைத்தால் எது எழும்பும், எது அடங்கும் என்பது அந்த ஊரில் பிழைப்புக்கான அறிவு. பிற்காலத்தில் அவர் எங்கே குடிபோனாலும் துணிக் குவியலும் கூடவே போனது. 1906இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா வரை போய் வந்தபோது கம்பளங்களும் துணிகளும் வந்தன. அந்த வருடமே ‘சிவப்பும் கறுப்புமான கம்பளத்தின்மேல் பாத்திரங்களும் பழங்களும்’ என்ற ஸ்டில் லைஃப் வந்தது. அதில் பழத்தைவிடக் கம்பளமே அதிகம் பேசுகிறது.

நம் படத்தில் இருக்கும் துணிக்கும் நிஜ ஆதாரம் உண்டு. பாரீசில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய, வெளிர் பின்புலத்தில் நீலப் பூக்கூடையும் கொடியும் அச்சிட்ட பருத்தித் துணி. மத்தீஸ் அதை ‘துவால் த ழூயி’ என்பார், அதாவது ழூயி ஊர்த் துணி. அந்தப் பெயருக்குப் பின்னால் நமக்குச் சம்பந்தமுள்ள ஒரு சங்கதி இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன பூப்போட்ட பருத்தித் துணிகளுக்குப் பதினேழாம் நூற்றாண்டு பிரான்ஸ் பைத்தியமாக இருந்தது. உள்ளூர்ப் பட்டு, கம்பளி உற்பத்தியாளர்களைக் காக்க அரசு 1686இல் தடை போட்டது. 1759இல் தடை நீங்கியதும், அடுத்த வருடமே ஓபர்காம்ஃப் என்பவர் ழூயியில் அச்சுக்கூடம் தொடங்கினார். இந்தியத் துணியைப் போல அச்சிடும் ஆசையில் முளைத்த தொழில் அது. மத்தீஸின் துணியில் உள்ள கூடையும் கொடியும் இந்திய வேலைப்பாடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாயம் போகாத பூவைப் பருத்தியில் பதிக்கும் ஆசையை பிரான்சுக்கு ஊட்டியது எந்தக் கரை என்பதில் சந்தேகமில்லை.

அந்தத் துணியைப் பல படங்களில் வைத்துப் பார்த்திருக்கிறார் மத்தீஸ். ஆரம்பத்தில் அது சும்மா பின்னணியில் தொங்கும். வருடம் ஏற ஏற அதன் கொடி பெரிதாகிறது, வேகம் பிடிக்கிறது. 1908க்கு வரும்போது துணியின் நிஜ அளவும் இல்லை, நிஜ நிறமும் இல்லை. மேசை கிடைமட்டம், சுவர் செங்குத்து என்பதையே அது மதிக்கவில்லை. நிஜத் துணியாக இருந்தால் மேசையின் தூர ஓரத்தில் பூ சிறுத்திருக்க வேண்டும், மடிப்பில் வளைந்திருக்க வேண்டும். இங்கே சிறுக்கவில்லை, வளையவில்லை. ஐரோப்பா ஐந்நூறு வருடம் பாடுபட்டுக் கட்டிய தூரக்காட்சி விதியை, அதாவது தூரம் போகப்போகப் பொருள் சிறுக்க வேண்டும் என்ற விதியை, ஒரு மேசைவிரிப்பு கலைத்துப் போடுகிறது.

வண்ணங்களின் பின்னணியைத் தோண்டினாலும் துணிதான் வந்து நிற்கிறது. நவீன ஓவியர்கள் வேதம்போல் பிடித்துக்கொண்ட நிற விதியைச் சொன்னவர் ஓவியர் இல்லை, வேதியியலாளர். மிஷேல் யூஜீன் செவ்ரல் பாரீசின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் தலைவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன. நிறத்தை அதன் அண்டை நிறம் மாற்றுகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பை அவர் 1839இல் பெரிய நூலாக எழுதினார். எதிர்நிறங்களான சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

வண்ணக் குழாய்க்குள் இருந்த பொருளிலும் சாயப்பட்டறையின் பங்கு உண்டு. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கியதும் வண்ணம் கையில் எடுத்துப் போகும் பொருளானது. 1868இல் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். முதன்மையாகத் துணிக்குத்தான், ஓவியருக்கும் கிடைத்தது. காட்மியம் மஞ்சள் போன்ற புது நிறமிகளும் வந்தன. எல்லாம் நல்லதாக முடியவில்லை. மத்தீஸின் ‘வாழ்வின் மகிழ்ச்சி’ படத்தில் காட்மியம் மஞ்சள் வெளிச்சத்திலும் காற்றிலும் வேதிமாற்றம் அடைந்து சில இடங்களில் வெளுத்துவிட்டது. நாம் பார்ப்பது அவர் வைத்த மஞ்சள் இல்லை.

இப்போது நம் படத்தின் மிகப் பிரபலமான சம்பவத்துக்கு வருவோம். இதை வாங்கியவர் மாஸ்கோவைச் சேர்ந்த செர்கேய் ஷூகின். அவருடைய தொழிலும் ஜவுளி வியாபாரம்தான். தன் மாளிகையின் சாப்பாட்டு அறைக்காக இதை எடுத்துக்கொண்டார். அந்த அறையில் ஏற்கெனவே பிரெஞ்சு ஓவியர் கொகேனின் தகிக்கும் படங்கள் நெருக்கமாகத் தொங்கின. அவர் ஒப்புக்கொண்டபோது படம் நீலம். ‘நீலத்தில் ஒத்திசைவு’. கிடைத்ததோ சிவப்பு. மாஸ்கோவுக்கு அனுப்பும் முன் மத்தீஸ் மொத்தப் படத்தையும் மாற்றிப் பூசிவிட்டார். கேன்வாஸின் ஓரங்களில் அடியிலிருந்த நீலம் இன்றும் எட்டிப் பார்க்கிறது.

ஏன் மாற்றினார்? நீலம் அவருக்குப் போதிய அலங்காரமாகப் படவில்லை. இதைக் குணக்கோளாறு என்று சிரித்து விடுவதுதான் பலருடைய வழக்கம். படத்தையே கேட்டால் வேறு பதில் கிடைக்கும். சன்னலுக்கு வெளியே இருப்பது பச்சை. அறை நீலமாக இருந்தால் பச்சையும் நீலமும் ஒரே குடும்பம், உள்ளும் வெளியும் ஒன்றோடொன்று கரைந்துபோகும். அப்போது எம்பி நிற்பவை மேசைமேல் உள்ள மஞ்சள் பழங்கள். நீலத்தின்மேல் மஞ்சள் கண்ணைப் பறிக்கும். அறையைச் சிவப்பாக்கியவுடன் கணக்கு தலைகீழாகிறது. மஞ்சள் சிவப்பின் உறவாகி அடங்குகிறது. சிவப்புக்கு நேர் எதிரான பச்சை சன்னலில் குளிர்ந்து ஒளிர்கிறது. பழங்களில் இருந்த அழுத்தம் தோட்டத்துக்கும் கொடிக்கும் மாறிவிட்டது. ஒரு பழத்தையும் நகர்த்தாமல், நிறத்தை மட்டும் மாற்றி, படத்தின் மையத்தையே இடம்பெயர்த்திருக்கிறார். பெண்ணின் வெள்ளை ஏப்ரனும் வெளியே பூத்த வெள்ளை மரங்களும் சிவப்பைத் தாண்டி ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. அந்த மரங்களின் கிளை வளைவு கொடியின் வளைவோடு இழைகிறது.

அவரே இதைக் கிட்டத்தட்ட விளக்கிவிட்டார். 1908 டிசம்பரில் ஒரு பாரீஸ் இதழில் ‘ஓர் ஓவியனின் குறிப்புகள்’ என்ற கட்டுரை வெளியானது. அதில் ஓர் அறையை வரைவதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். எதிரே உள்ள அலமாரி பளிச்சென்ற சிவப்பு உணர்வைத் தருகிறது, திருப்தியான ஒரு சிவப்பை வைக்கிறேன், அது கேன்வாஸின் வெள்ளையோடு ஓர் உறவில் நிற்கிறது, பக்கத்தில் ஒரு பச்சையையும் ஒரு மஞ்சளையும் வைத்தால் எல்லா உறவும் மாறிவிடுகிறது, ஒன்றை ஒன்று கெடுக்காமல் சமன்செய்ய வேண்டியிருக்கிறது, கடைசியில் ஒரு சிவப்பு முதலில் பச்சை இருந்த இடத்தையே பிடித்துக்கொள்ளலாம் என்று போகிறது அந்தப் பகுதி. இதே கட்டுரையில்தான் களைத்தவனுக்கு நல்ல சாய்வு நாற்காலிபோல ஓவியம் இருக்க வேண்டும் என்ற வரியும் வருகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மத்தீஸை மேம்போக்கான அலங்காரக்காரர் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அலமாரிச் சிவப்பைப் பற்றிய பகுதியை அவர்கள் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

அலங்காரம் என்ற சொல்லுக்கு அவர் வெட்கப்பட்டதே இல்லை. 1908இன் இலையுதிர்காலக் கண்காட்சியில் இந்தப் படத்துக்கு அவர் கொடுத்த பெயரே ‘சாப்பாட்டு அறைக்கான அலங்காரப் பலகை’. ஷூகினும் அதைக் குறையாக எடுக்கவில்லை. அடுத்து ‘நடனம்’, ‘இசை’ என்ற இரு பெரும் படங்களைக் கேட்டு வாங்கினார். புரட்சிக்குப் பின் 1918இல் அவருடைய தொகுப்பு அரசுடைமையானது. 1948இல் அதை வைத்திருந்த அருங்காட்சியகத்தையே மூடி, படங்களை மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்துக்கும் ஹெர்மிடேஜுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். சிவப்பு மேசை ஹெர்மிடேஜின் பங்கில் வந்தது.

சிவப்பை முழுதாகப் பரப்பும் துணிச்சல் இதோடு நிற்கவில்லை. 1911இல் ‘சிவப்பு ஓவியக்கூடம்’. அதிலும் அடியில் நீலமும் இளஞ்சிவப்பும் காவியும் இருந்தன, மேலே கடைசியில் சிவப்பு வந்து எல்லாவற்றையும் மூடியது. மேசை நாற்காலிகளின் கோடுகள் மேலே வரைந்தவை அல்ல, சிவப்பு படாமல் விட்ட இடுக்குகள். அந்தப் படத்தை ஷூகின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்!

நான்காவது மேசை 1915இல் வந்தது. உலகப்போர் நடக்கிறது. மத்தீஸின் சொந்த ஊர் ஜெர்மன் படைகளின் பிடியில், அம்மா அங்கே சிக்கியிருக்கிறார். இந்த நேரத்தில் அவர் 1893இன் மாணவப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு த ஹேமின் மேசையை மறுபடி வரைந்தார். இந்தமுறை, பொருள்களை வடிவத் துண்டுகளாக உடைத்து வரையும் கியூபிசத்தின் கோடுகளும் கோணங்களும் கொண்டு. இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவைப் பார்த்தால் சுவாரசியம்: 1908இன் படத்துக்கும் இதற்கும் ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை என்று சொல்லலாம். பலமான படம்தான், வீட்டுப் பாடத்தை ஒரு மேதை செய்தது போன்ற பலம். எனக்கு இதில் துணி குறைவு. கறுப்பும் சாம்பலும் கோணங்களும் சேர்ந்து மேசையை மறுபடி ஒழுங்காக நிறுத்திவிடுகின்றன. கொடி எல்லை தாண்டும் அந்த 1908இன் திமிர் இங்கே இல்லை.

இந்தப் படங்களை நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது கைபேசியில் அல்லது அச்சில். ஒவ்வொரு அச்சிலும் சிவப்பு ஒவ்வொரு விதம், ஒன்றில் செங்கல், ஒன்றில் ரத்தம். அதைவிடப் பெரிய இழப்பு அளவு. 1908இன் அதே கட்டுரையில், ஒரு படத்தைப் பெரிய கேன்வாஸுக்கு மாற்றும்போது கட்டம் போட்டுப் பெரிதாக்கினால் போதாது, புதிதாகவே யோசித்து வரைய வேண்டும் என்கிறார் மத்தீஸ். பரப்பு மாறினால் நிறத்தின் வலுவும் மாறும். சுருக்கினாலும் அதே கதைதான். ஆள் உயரத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் விரியும் சிவப்பின் முன்னால் நிற்கும்போது பார்ப்பவரும் அந்த அறைக்குள் இருப்பார். திரையில் அது ஒரு சிவப்புக் கட்டம். ஆனால் சன்னல் கணக்கை மட்டும் திரையிலும் சோதிக்கலாம். பச்சைத் தோட்டத்தை ஒரு காகிதத் துண்டால் மூடிவிட்டுப் பாருங்கள். இருந்த சிவப்பு அதேதான், சற்று மந்தமாகிவிட்டிருக்கும்.